கன்வெர்ட்டரைக் கெடுத்தது எது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஆகப்போகும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாவது உரிமையாளராக வாங்கினேன். சில வாரங்களாக டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்ற குறியீடு வருகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று மூன்று மெக்கானிக்குகளும் சொல்கிறார்கள். ஒருவர் கார் கம்பெனியின் அசல் பாகத்தையே போட வேண்டும் என்கிறார். அதன் விலையைக் கேட்டு மலைத்துவிட்டேன். இன்னொருவர் எல்லா வண்டிக்கும் பொருந்தும் பாகம் என்று ஒன்றை மிகக் குறைந்த விலைக்குப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். மூன்றாமவர், கன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு வெறும் குழாயை வெல்டிங் வைத்து, சென்சாருக்கு ஒரு வளையம் மாட்டினால் விளக்கு அணைந்துவிடும், வண்டியும் நன்றாக இழுக்கும் என்கிறார். அடுத்த மாதம் புகைப் பரிசோதனை இருக்கிறது. யார் பேச்சைக் கேட்பது? டேங்கில் ஊற்றும் கிளீனர் திரவம் பயன்படுமா? பழைய கன்வெர்ட்டரை என்ன செய்வது? (வண்டிக்கு மாதாமாதம் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது, கடைசியில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய அந்த ஆயில் வரியைத்தான். சம்பந்தம் இருக்கிறது. மூன்று மெக்கானிக்குகளும் எதை மாட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இருந்தது ஏன் கெட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நீங்கள் எதை வாங்கி மாட்டினாலும், ஓரிரு ஆண்டுகளில் இதே கடிதத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

கன்வெர்ட்டர், பிரேக் பேட் மாதிரி தேய்ந்து தீரும் பாகம் அல்ல. அந்த எஃகுக் கூட்டுக்குள் இருப்பது ஒரு பீங்கான் கட்டி. தேனடை போல அதில் ஆயிரக்கணக்கான நுண்குழல்கள்; ஒரு சதுர அங்குலத்துக்கு 400, 600 என்ற கணக்கில் நெருக்கமாக இருக்கும். குழல்களின் சுவரில் அலுமினாப் பூச்சு. அந்தப் பூச்சில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் சில கிராம் அளவுக்குப் பரவியிருக்கின்றன. கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் எரித்துக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாற்றுவதும், நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக விடுவதும் இவற்றின் வேலை. இந்த வினைகளில் உலோகம் செலவாவதில்லை. காரின் ஆயுள் முழுக்க உழைக்கும்படிதான் இதை வடிவமைக்கிறார்கள். ஆகவே கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்றால், பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது.

கெடுப்பவற்றின் பட்டியல் பெரிதல்ல. முன்பு முதல் எதிரி ஈயம். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோது, ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே பெட்ரோல் பங்க்குகளுக்கு வர வேண்டியிருந்தது அதனால்தான். கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் அதை நிறுத்திவிட்டது. எனவே இன்று நாம் சந்தேகப்பட வேண்டியவை என்ஜினுக்குள்ளேயே இருக்கின்றன: எரியும் ஆயில், கசியும் கூலன்ட், மிஸ்ஃபயர்.

உங்கள் வண்டியில் என் சந்தேகம் முதலாவதன் மேல்தான். என்ஜின் ஆயிலில் தேய்மானத்தைத் தடுப்பதற்காகத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மானம் இருக்கிறது. ஆயில், ஆயிலாக இருக்கும்வரை அது நல்லது. பிஸ்டன் ரிங் வழியாகவோ வால்வு சீல் வழியாகவோ சிலிண்டருக்குள் போய் எரிந்தால், அந்தப் பாஸ்பரஸ் புகையோடு போய்க் கன்வெர்ட்டரின் முகப்பில் கண்ணாடிப் பூச்சு மாதிரி படிகிறது. உலோகம் அடியில் அப்படியே இருக்கும். புகை அதைத் தொட முடியாது. கீழே சொட்டு இல்லாமல் ஆயில் குறைகிறது என்றால், அது பெரும்பாலும் எரிந்துதான் போகிறது.

மிஸ்ஃபயர் செய்யும் கெடுதல் இதைவிட வேகமானது. பழைய ஸ்பார்க் பிளக்கோ பலவீனமான இக்னிஷன் காயிலோ ஒரு சிலிண்டரைப் பற்றவைக்கத் தவறினால், எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. வெப்பம் ஏறி, பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே வீடு போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். ஓரம் கட்டி நிறுத்துவதுதான் மலிவான வழி.

இனி, பி0420. இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் கன்வெர்ட்டருக்கு விலை சொல்ல ஆரம்பிக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரின் கணினி புகையை அளந்து இந்தத் தீர்ப்பைச் சொல்வதில்லை. கன்வெர்ட்டரின் பூச்சில் சீரியம் ஆக்சைடும் இருக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மிகும்போது அதைப் பிடித்துவைத்து, குறையும்போது விடுவது அதன் வேலை. இந்தச் சேமிப்பு சரியாக நடந்தால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் மின்னழுத்தம் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல், பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் அருகே நிற்கும். சேமிப்பு போய்விட்டால் அது 0.1க்கும் 0.9க்கும் இடையே ஊசலாடத் தொடங்கும். அந்த ஊசலாட்டத்தை வைத்துக் கணினி ஓர் ஊகத்துக்கு வருகிறது. ஊகம் தவறாகவும் இருக்கலாம். பின் சென்சாருக்கு முன்னால் ஏதாவது ஒரு இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்து, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் போதும்; நல்ல கன்வெர்ட்டரையே கெட்டது என்று கணினி சொல்லிவிடும்.

ஆகவே நீங்கள் போகும் ஒர்க்‌ஷாப்பில் பாகத்தின் விலையைக் கேட்பதற்கு முன் சில சோதனைகளைக் கேளுங்கள். பி0420 தனியாக வந்திருக்கிறதா, கூடவே பி0300 வரிசையில் மிஸ்ஃபயர் குறியீடுகள் இருக்கின்றனவா? இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து பின் சென்சார் வரை ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பார்க்க வேண்டும். கசியும் இடத்தில் கரிக்கோடு ஒன்று படிந்திருக்கும், கண்ணுக்கே தெரியும். வண்டி இழுக்கவில்லை என்றால் முன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டிப் பார்க்கலாம். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும் நிலையில்) சுமார் 1 பிஎஸ்ஐ, 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ ஆகியவற்றைத் தாண்டினால் வழி அடைபட்டிருக்கிறது. அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது கலகலவென்று சத்தம் வந்தால், பீங்கான் உடைந்து உள்ளே உருள்கிறது. அப்படியானால் ஆராய்ச்சிக்கு வேலையில்லை, மாற்றியே ஆக வேண்டும்.

ஆயில் எங்கே போகிறது என்பதற்குத் தனியாக ஒரு சோதனை. முதலில் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் சின்ன வால்வு அது. அது பழுதானால் ஆவியோடு ஆயிலும் சேர்ந்து போய் எரியும். மாற்றுவதற்கு அதிகச் செலவில்லை. அதில் குறையில்லை என்றால்தான் கம்ப்ரஷன் சோதனை, ரிங், வால்வு சீல் என்று மேலே போக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற அளவுக்கு ஆயில் குடிக்கும் என்ஜினுக்குப் புதிய கன்வெர்ட்டர் மாட்டச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை தரமாட்டேன். கூலன்ட் அளவும் குறைகிறதா என்று கையோடு பாருங்கள். ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் கசிந்தால் அதிலுள்ள சேர்மானங்களும் இதே கெடுதலைச் செய்யும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் கன்வெர்ட்டர்தான் போய்விட்டது என்று உறுதியானால், உங்கள் மூன்று மெக்கானிக்குகளிடம் வருவோம். மூன்றாமவரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரை விரைவில் வழியனுப்பிவிடலாம். அவர் சொல்வது சட்ட மீறல். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கன்வெர்ட்டரை எடுப்பதையும், அதன் கண்காணிப்பை ஏமாற்றும் கருவிகளை விற்பதையும் மாட்டுவதையும் தடைசெய்கிறது. பிரிட்டனில், தயாரிப்பிலேயே கன்வெர்ட்டரோடு வந்த காரில் அது இல்லையென்றால் ஆண்டுப் பரிசோதனையில் அதுவே தோல்விக்குப் போதும். புகை விதி உள்ள நாடுகளில் பொதுவாக, தயாரிப்பாளர் சான்றிதழ் பெற்ற அமைப்பைக் கழற்ற அனுமதி கிடைக்காது. அவர் சொல்லும் வளையம் சென்சாரைப் புகையின் ஓட்டத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, ஊசலாட்டத்தை மழுங்கடிக்கிறது, அவ்வளவுதான். புகைக்குழாயில் செருகும் வாயுமானியை அது ஏமாற்றாது. ‘நன்றாக இழுக்கும்’ என்பதும் பாதி உண்மைதான். அடைபட்ட கன்வெர்ட்டரை எடுத்தால் எந்த வண்டியும் நன்றாக இழுக்கும். நல்ல கன்வெர்ட்டரை மாட்டினாலும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இழுக்கும்.

இரண்டாமவரை அப்படித் தள்ளிவிட முடியாது. வெளிக் கம்பெனிகள் தயாரிக்கும் கன்வெர்ட்டர்கள் எல்லாம் போலி அல்ல. அங்கீகாரம் பெற்று, ஆண்டுக்கணக்கில் நன்றாக உழைப்பவை உண்டு. ஆனால் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்ற சொற்றொடர் எனக்கு உறுத்துகிறது. குழாயின் விட்டம் பொருந்துவது வேறு, காரின் கணினி எதிர்பார்க்கும் ஆக்ஸிஜன் சேமிப்பு பொருந்துவது வேறு. விலையைக் குறைக்க வேண்டுமானால் தயாரிப்பாளர் கைவைக்கக்கூடிய இடம் அந்த மூன்று உலோகங்களின் அளவும் சீரியப் பூச்சும்தான். அப்படிக் குறைத்த பாகம் புதிதாக இருக்கும்போது வாயுமானியில் தேறிவிடும். சில மாதங்களில் சேமிப்பு குறைந்து, அதே பி0420 மறுபடி எட்டிப் பார்க்கும். புகை சுத்தமாக இருந்தும் விளக்கு எரிவதால் தோற்கும் விசித்திரம் இப்படித்தான் நேர்கிறது.

ஆகவே அவரிடம் விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: அங்கீகார எண். ஐரோப்பாவிலும், ஐ.நா.வின் வாகன விதிகளை ஏற்ற பிற நாடுகளிலும், மாற்றுக் கன்வெர்ட்டருக்கு 103ஆம் எண் விதிமுறை இருக்கிறது. தேறிய பாகத்தின் உடலில் வட்டத்துக்குள் ‘E’ என்ற ஆங்கில எழுத்தும் அனுமதி தந்த நாட்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கலிபோர்னியாவில் அந்த மாநிலக் காற்று வள வாரியம் தரும் நிர்வாக ஆணை எண், புகை செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியோடு கூட்டின் மேலேயே அடித்திருக்கும். வேறு சில அமெரிக்க மாநிலங்களும் அதையே கேட்கின்றன. மற்ற மாநிலங்களில் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையின் விதி போதும், ஆனால் அந்த விதியின்படி விற்கும் பாகத்தைக் கலிபோர்னியாவில் மாட்ட முடியாது.

எண் இருந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணுக்கு உரிய பட்டியலில் உங்கள் வண்டியின் மாடல், ஆண்டு, என்ஜின் குறியீடு மூன்றும் இருக்க வேண்டும். ஒரே பெயரில், ஒரே ஆண்டில் வந்த இரண்டு கார்கள் வெவ்வேறு புகை வரம்புக்குச் சான்று பெற்றிருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ள பானெட்டைத் திறந்து, அதன் அடிப்பகுதியிலோ என்ஜின் அறையின் முன்சட்டத்திலோ புகைக் கட்டுப்பாட்டு விவர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஸ்டிக்கர் இல்லாத வண்டி என்றால், பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் என்ஜின் குறியீட்டையும் அசல் பாக எண்ணையும் கேட்டு வாங்கலாம். உங்கள் நாட்டில் மாற்றுக் கன்வெர்ட்டருக்கென்று தனி அங்கீகார முறை இல்லையென்றால், உங்கள் என்ஜின் குறியீட்டுக்கு 103ஆம் விதியின்படி சான்று பெற்ற பாகம் அல்லது அசல் பாகம், இந்த இரண்டைத் தாண்டி நான் போகமாட்டேன்.

முதலாமவர் சொல்லும் அசல் பாகத்தில் தொழில்நுட்ப ரீதியாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் கட்டுவதற்கு முன் உத்தரவாதத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் கன்வெர்ட்டருக்கு 8 ஆண்டு அல்லது 80,000 மைல், எது முந்தியோ அதுவரை உத்தரவாதம் தரும்படி மத்திய விதியே சொல்கிறது. அது வண்டியோடு போவது. உரிமையாளர் மாறினாலும் செல்லும். வேறு நாடுகளில் காலம் மாறும், சிலவற்றில் நிபந்தனையும் மாறும். உங்கள் வண்டிக்கு எட்டு ஆண்டுகள் இன்னும் முடியவில்லை என்பதால், பதிவுத் தேதியைப் பார்த்துவிட்டு இந்த வாரமே டீலரைக் கேளுங்கள். பழைய இரும்புக் கடையில் கழற்றிய கன்வெர்ட்டர் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது எந்த என்ஜினின் ஆயிலைக் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. அதை விற்பதற்கே தடையுள்ள இடங்களும் உண்டு.

கிளீனர் திரவத்துக்கு இரண்டு வரி போதும். லேசான கரியை அது எரிக்கலாம். பாஸ்பரஸ் பூச்சையும் உருகிய பீங்கானையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மாட்டும் நாளில் கூடவே நின்று பார்க்க முடிந்தால் சிலவற்றைக் கவனியுங்கள். என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கேஸ்கெட்டுகளும் துருப்பிடித்த நட்டுகளும் புதிதாக வர வேண்டும். பழையவற்றை மறுபடி போட்டால், முன்பு சொன்ன மயிரிழைக் கசிவு அங்கேயே தொடங்கும். இணைப்பில் சாதாரண சிலிகான் பசையைத் தடவ எடுத்தால் தடுத்துவிடுங்கள். சிலிகான் ஆவி சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே கெடுக்கும். வெல்டிங் வேலை இருந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். வெப்பத் தடுப்புத் தகடுகள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அவை இல்லாமல் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. முதல் ஸ்டார்ட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக் காட்டும் ஆசை பலருக்கு உண்டு, அதையும் தடுங்கள். பீங்கானைச் சுற்றி ஒரு நார்ப்பாய் இருக்கிறது; வெப்பத்தில் மெல்ல உப்பித்தான் அது பீங்கானை இறுகப் பிடிக்கிறது. ஐடிலிலேயே சில நிமிடங்கள் ஓட விடுங்கள். அப்போது லேசான புகையும் கருகல் வாடையும் வந்தால் பயப்பட வேண்டாம்; பாயிலுள்ள பசை எரிகிறது.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு வருகிறேன். குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு நேராகப் பரிசோதனை மையத்துக்கு ஓடும் வேலை வேண்டாம். அழித்தவுடன் காரின் சுயபரிசோதனைப் பட்டியலும் காலியாகிவிடும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி இணைப்பை மாட்டிப் பார்க்கும் நாடுகளில், பட்டியல் நிரம்பாத வண்டியை ‘தயாராகவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குளிர்ந்த ஸ்டார்ட், நகரத்துக்குள் நின்று நின்று ஓட்டம், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் என்று சில நாள் இயல்பாக ஓட்டினால் அந்தப் பட்டியல் தானே நிரம்பும்; கன்வெர்ட்டருக்கான சோதனை அதில் பெரும்பாலும் கடைசியில் முடிபவற்றில் ஒன்று. எனவே மாற்றும் வேலையைப் பரிசோதனைக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாமல், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

வாயுமானி வைத்துப் பார்க்கும் இடமானால், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸ் தொட்ட பிறகுதான் வேலையையே தொடங்கும். வரிசையில் அரைமணி நேரம் ஐடிலில் நின்றால் அது மறுபடி ஆறத் தொடங்கலாம். முடிவுத் தாளில் எந்த எண் மீறியிருக்கிறது என்பதையும் படியுங்கள். எடுத்துக்காட்டாக, தயாரிப்பாளர் தனி அளவு சொல்லாத அண்மைக்காலப் பெட்ரோல் கார்களுக்குப் பிரிட்டனில் உயர் ஐடிலில் (என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளக்கும்போது) கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் எண்ணான லாம்டா 0.97க்கும் 1.03க்கும் இடையிலும் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு தேறி, லாம்டா மட்டும் 1.03ஐத் தாண்டினால், கன்வெர்ட்டரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் எங்கோ ஓர் இணைப்பில் வெளிக்காற்று புகுகிறது.

பழைய கன்வெர்ட்டரைக் கேட்டிருந்தீர்கள். கழற்றியதும் அதைக் கையில் வாங்கி, என்ஜின் பக்கத்து முகப்பை டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிறிய சாம்பல் பூச்சு இருந்தால் ஆயில், குழல்கள் உருகி ஒட்டியிருந்தால் மிஸ்ஃபயர், கன்னங்கரேலென்று கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோதனைகளில் கிடைத்த முடிவோடு அது ஒத்துப்போகிறதா என்று மெக்கானிக்கையும் அழைத்துக் காட்டுங்கள். அதிலுள்ள உலோகங்களுக்கு மறுசுழற்சியில் நல்ல விலை உண்டு. அந்தத் தொகை உங்கள் பில்லில் கழிக்கப்படுகிறதா, பாகமே உங்களிடம் திரும்பி வருமா என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நீங்களே விற்பதானால் புதிய கன்வெர்ட்டரின் பில்லையும் கொண்டுபோங்கள். கன்வெர்ட்டர் திருட்டு பெருகியிருப்பதால், ஆதாரம் இல்லாமல் வாங்கக் கூடாது என்று பல இடங்களில் விதி வந்துவிட்டது.